ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி அழைப்பு

"அப்பா, நீங்களேதான் கட் பண்றீங்களா?"

தாரிகா கோபமாகக் கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை, தட்டில் இருந்த சோற்றைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே, விடை தெரியாத கணக்கைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "இல்ல கண்ணு" என்று சொல்ல மோகன்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் போன் திரையில் படம் நின்றுவிட்டது. கரண்டி வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. குழந்தையின் கண்கள் பாதி மூடியபடி நின்றன. அவன் சொன்ன பதில் இந்தப் பக்கத்துச் சுவருக்குள்ளேயே கிடந்தது.

அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி அவன்கூடவே தோப்பில் நடந்தது. தேங்காய் பறிக்கிறவர்களோடு பேசும்போதும், கன்றுக்குட்டியைக் கழுவும்போதும், ஒரு வாய் சோறு அள்ளும்போதும் எதிரில் வந்து நின்றது.

தொண்டாமுத்தூர் தாண்டி மலையை ஒட்டிய தோப்பு அவனுடையது. அவனும் புவனாவும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தப்பு யார்மேல் என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். புவனாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பாடு முடிந்ததும் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு. நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் மோகன்குமாருக்கு மகள்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்ற ஆறு நாளும் சேர்த்து வைப்பான். தென்னம்பாளையில் கூடு கட்டிய அணில், மூக்கில் மண் ஒட்டிய கன்றுக்குட்டி, வாழையை மிதித்துவிட்டுப் போன யானையின் கால்தடம், எல்லாவற்றையும் தாரிகாவிடம் காட்ட வேண்டும் என்று மனதில் எடுத்து வைப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை பேச ஆரம்பித்தால் இன்டர்நெட் தவழும், பிறகு அறுந்து போகும். திரும்ப வர ஐந்து நிமிடம் ஆகும்; வந்தது மறுபடி போகும். மலையடிவாரத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. குரல் வந்தால் முகம் வராது.

குழந்தை அப்படிக் கேட்ட மறுநாள் புவனாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"கட் ஆன பிறகு பாப்பா போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கா. நீச்சலுக்கும் போக மாட்டேங்கறா. மாசம் ஒரு தடவைன்னு வெச்சுக்கலாமான்னு யோசிக்கறேன். அதுக்குள்ள சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்க."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். மாதம் ஒருமுறை என்பதை இன்னொரு தடவை படித்தான். நெட் கம்பெனிக்குப் போன் செய்தான்.

செவ்வாய்க்கிழமை ரூபன் வந்தான். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கேபிள் இழுக்கிறவன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் வாய் மட்டும் கல்லூரிப் பையனுடையது.

"ரூட்டர் எங்கீங்ணா?"

மோகன்குமார் இரும்பு பீரோவின் கதவைத் திறந்தான். வேட்டிகளுக்கு நடுவில் பச்சை விளக்குகள் மினுக்கின.

ரூபன் இடுப்பில் கை வைத்து நின்றான். "ஏனுங்ணா, நகை வெக்கற எடத்துல நெட்ட வெச்சுப் பூட்டி வெச்சுருக்கீங்க? திருடு போயிரும்னா?"

"பல்லி போயிருதுப்பா. போன பொட்டிக்குள்ள பல்லி பூந்துதான் பொட்டியே போச்சு."

"பல்லிக்குப் பயந்து இரும்புக்குள்ள போட்டா வைஃபை எப்புடீங்ணா வெளிய வரும்? பாவம், அதுவும் உள்ளிருந்து தட்டித் தட்டிப் பாத்திருக்கும்."

மோகன்குமாருக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. ரூபன் பெட்டியை வெளியே எடுத்து, கூடத்துச் சுவரில் உயரமாக ஆணி அடித்து மாட்டி, ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டினான். வேகத்தைச் சோதித்தான், நன்றாக ஓடியது. பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தான், எரியவில்லை. கம்பத்தில் ஏறி இணைப்பை வெட்டிப் புதிதாகச் சேர்த்தான். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தும் ஒருமுறைகூட அறுபடவில்லை.

"கேபிள்ல ஒரு கொறையுமில்லீங்ணா. பீரோதான் வில்லன். இனிக் கவலைப்படாமப் பேசுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தாரிகாவின் முகம் கண்ணாடிபோல வந்தது. முன்பல் விழுந்ததைக் காட்டினாள். "பல்லை என்ன செஞ்ச கண்ணு?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் கூடத்து ட்யூப்லைட் மங்கியது, முகம் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். சுவரில் இருந்த பெட்டியில் எல்லா விளக்கும் அணைந்து, ஒன்றன்பின் ஒன்றாக எரிய ஆரம்பித்தன. எரிந்து முடிவதற்குள் ட்யூப்லைட் மறுபடி மங்கியது. பெட்டி மறுபடி செத்துப் பிழைத்தது. வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் முக்கி முக்கிப் பிடித்து, கடைசியில் ஓட ஆரம்பித்தது.

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கேபிள் அறுபடவில்லை, பெட்டிக்குத்தான் கரண்ட் போதவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பாவாத்தாளின் மோட்டார் எடுக்கும்போதெல்லாம் வோல்டேஜ் விழுகிறது. ரூபன் வந்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அந்த மோட்டாருக்கு வேலை இல்லை.

எழுந்து வேலிப் பக்கம் போனான். பாவாத்தாள் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தாள். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் மோகன்குமாரின் அப்பாவிடம் கூலிக்கு வேலை செய்தவர்கள். இன்று அவள் பக்கத்து ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டு, விடியும் முன்பே உழவர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறாள். கிணறு மூன்று பேருக்குப் பொது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் முறை. மோட்டார் ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் ஆறு மணிக்கு வந்தால் ஒன்பது வரைதான் இருக்கும். அதற்குள் கடைசிப் பாத்தி வரை தண்ணீர் போய்ச் சேர வேண்டும்.

"என்ன தம்பி, மொகத்தத் தூக்கி வெச்சுட்டு நிக்கறீங்க? பொழுதோட கரண்டு வந்தா ஊரே சிரிக்குது, நீங்க மட்டும் அழுகறீங்க."

"ஒண்ணுமில்லீங்க்கா."

"பாப்பா பேசுச்சுங்களா?"

"பேசுச்சுங்க. சித்த நேரம்."

"சித்த நேரம் பேசுனாலும் பேச்சுத்தானுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மடையைத் திருப்பப் போனாள்.

மோட்டாரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்ல வந்ததை அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் மறுக்க மாட்டாள் என்று தெரியும். மறுக்கப் பழகாத குடும்பத்திலிருந்து வந்தவளிடம் போய் ஒன்றைக் கேட்பது, கேட்பதுபோலத் தோன்றும் கட்டளைதான். அப்பா காலத்தில் அப்படி எத்தனையோ கேட்டாகிவிட்டது. அவளுடைய தண்ணீர் நேரம் அவளுக்கு.

மறுநாள் ரூபனை வீட்டுக்கு வரவழைத்து நடந்ததைச் சொன்னான்.

"அட, பீரோவுக்கு ஒரு கூட்டாளியும் இருந்திருக்குதுங்களா!" என்றான் ரூபன். "ரூட்டருக்குன்னே குட்டி யுபிஎஸ் இருக்குதுங்ணா. மாட்டிட்டா வோல்டேஜ் என்ன ஆட்டம் ஆடுனாலும் பெட்டிக்குத் தெரியாது. கையில ஸ்டாக் இல்லீங்க. டவுன்லயும் தீந்துபோச்சு. சொல்லி வெச்சு வாங்கியாரேன், கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

போகிற வழியில் அவன் பாவாத்தாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததும், குடித்துக்கொண்டே வழக்கம்போல எல்லாவற்றையும் கொட்டியதும் மோகன்குமாருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு. அறுந்து போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று முதல் வாக்கியத்தையே தயாராக வைத்திருந்தான்.

"தாரிகா, அன்னைக்குக் கேட்டியே கண்ணு. அப்பா கட் பண்ணவே இல்ல. எப்பவுமே பண்ண மாட்டேன்."

முகம் நிற்கவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் யாரு பண்ணுனது?"

"கரண்டு பத்தலீங்க அம்மணி. பெட்டி தூங்கிப் போயிருது."

"நம்ம கன்னுக்குட்டி மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"சரி, கன்னுக்குட்டியக் காட்டுங்க."

போனோடு தொழுவம் வரை போனான். படம் நிற்கவில்லை. அணில் கூட்டைக் காட்டினான். விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்ததை அவள் சொன்னாள். ஒரு பாட்டுப் பாடினாள்; அதை முழுதாகக் கேட்டான். பாதிச் சொற்கள் அவனுக்குப் புரியாத ஆங்கிலம். இப்போது இப்படித்தான் பேசுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இங்கே இருந்தபோது அவள் பாடியதெல்லாம் அவனுக்குத் தெரிந்த பாட்டுகள். மடியில் வைத்து அவன் பின்னிவிட்ட தலைமுடியை யாரோ தோள்வரை வெட்டியிருந்தார்கள். கையை நீட்டினால் கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

"அப்பா, இன்னைக்கு நீங்க நிக்கவே இல்ல!" என்றாள் கடைசியில். பின்னாலிருந்து புவனாவின் குரல் நீச்சல் பையை எடுக்கச் சொன்னது. பிறகு அதே குரல் சற்று அருகில் வந்து, "அடுத்த வாரமும் இதே நேரந்தானுங்களே?" என்று கேட்டது.

"இதே நேரந்தான்" என்றான் மோகன்குமார்.

திரை இருண்ட பிறகும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தான். அன்று த்ரீ பேஸ் கரண்ட் வரவில்லை போலிருக்கிறது, கடவுளாகப் பார்த்து நிறுத்தினார் என்று எண்ணிக்கொண்டான். கடவுள் நிறுத்துகிற காரியங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மனிதக் கை தேவைப்படுகிறது என்பது அவனுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் அழைப்பு அறுபடாமல் முடிந்தது. மனம் நிறைந்தும் வெறுமையாகவும் எழுந்து வாசல் விளக்கைப் போட்டான். போட்ட மறுநொடி, வேலிக்கு அப்பால் மோட்டார் முக்கியது.

இறங்கி நடந்தான். மோட்டார் கொட்டகைப் படியில் பாவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் ஸ்டார்ட்டர் பெட்டிமேலேயே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டு வாசல் நேராகத் தெரிந்தது.

"இப்பத்தான் மோட்டார் போடறீங்களாக்கா? கரண்டு ஆறு மணிக்கே வந்திருக்குமே?"

"மோட்டாரு சூடாயிருச்சுங்க தம்பி. சித்த ஆறட்டும்னு உட்டேன்."

"ஓடாத மோட்டாரு எப்புடீங்க்கா சூடாகும்?"

"வயசான மோட்டாருங்க. சும்மா இருந்தாலே சூடாயிரும், என்ற ஊட்டுக்காரராட்டம்." சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நின்னு கேள்வி கேக்காதீங்க, எனக்குச் சோலி கெடக்குது. பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருச்சுங்களா?"

பல் விழுந்ததை இவளிடம் யார் சொன்னது என்று நினைத்தான். ரூபனாகத்தான் இருக்க வேண்டும். அவனிடம்தான் சொல்லி மகிழ்ந்திருந்தான். மோட்டார் எடுத்தால் நெட் நின்றுபோவதையும் ரூபன்தான் சொல்லியிருப்பான்.

நன்றி சொல்ல வாயெடுத்தான். ஆனால் அவள் தான் செய்ததற்கு ஒரு பொய்யால் திரை போட்டு வைத்திருந்தாள். அந்தத் திரையை விலக்குவது அவள் கொடுத்ததைத் திருப்பி எறிவதுபோல ஆகிவிடும். "இன்னும் மொளைக்கலீங்க்கா" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தான். முன்பக்கத்துப் பாத்திகளில் சிறுகீரை பச்சையாக நின்றது. வேலியோரத்துக் கடைசிப் பாத்திகளில் மண் வெளுத்து, வெடித்து, செடிகள் தலை சாய்ந்து கிடந்தன. தண்ணீர் அங்கே போய்ச் சேரும் முன் கரண்ட் நின்றிருக்கிறது. அவன் மகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் இங்கே இப்படித்தான் காய்ந்திருக்கிறது.

புதன்கிழமை ரூபன் குட்டி யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டினான். மெயினை அணைத்துப் பார்த்தார்கள். பெட்டியின் விளக்குகள் அசையவில்லை. மோகன்குமார் நேராக வேலிக்குப் போனான்.

"அக்கா, நெட்டுக்குத் தனியா பேட்டரி வெச்சாச்சுங்க. இனி மோட்டாரு சூடானாலும் ஆறாட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. கரண்டு வந்ததுமே போடுங்க."

பாவாத்தாள் களைக்கொத்தை நிறுத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்படீங்களா. சரீங்க" என்றாள். மறுபடி களை கொத்தக் குனிந்தாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் பாவாத்தாளைச் சந்தைக்கு ஏற்றிப் போகிற டெம்போவின் சத்தம் கேட்டது. அது திருப்பத்தில் மறையும் வரை மோகன்குமார் வாசலில் நின்றான். தோப்புத் தொட்டியில் அவனுடைய போர்வெல் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. நீளமான ஓஸ் குழாயை இழுத்து வேலிக்கு அடியில் விட்டு, வால்வைத் திறந்தான். வெடித்த மண் முதலில் சத்தமாகக் குடித்தது. பிறகு மெல்ல நிறம் மாறியது. பாத்தி பாத்தியாகக் குழாயை நகர்த்தினான். அவள் வெட்டிய வரப்பு கரையாமல், செடியின் தூர் அறுக்காமல், தண்ணீர் விழுகிற இடத்தில் தன் உள்ளங்கையைக் கொடுத்து நின்றான்.

அழைப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மகளிடம் சொல்ல எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற மனம், இதையும் எடுத்து வைக்கப் பார்த்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

கடைசிப் பாத்தி நிறைந்ததும் வால்வை மூடினான். குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஈர மண்ணில் பதிந்திருந்த தன் கால்தடங்களைக் குனிந்து கையால் ஒவ்வொன்றாகத் தடவிச் சமப்படுத்திக்கொண்டே வேலியை நோக்கிப் பின்னால் நகர்ந்தான்.