யாரும் கேட்காத மன்னிப்பு

மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் நின்றுவிட்டது. மேலே ஏதோ ஒரு வளைவில் பாறை சரிந்து கிடக்கிறது, ஜேசிபி வந்து தள்ளினால்தான் வழி என்றார் கண்டக்டர். மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். தாமரைச்செல்விக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

மலைமேல் செம்மேட்டில், விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சாமை உமி நீக்கும் நிலையத்துக்கு அவள் மேலாளர். அடுத்த வாரம் நாமக்கல் அலுவலகத்துக்கு மாறுகிறாள். இனி நிலையத்தை இரண்டு பேர் சேர்ந்து நடத்த வேண்டும்: ஊர் ஊராகப் போய்ச் சாமை வாங்கிவரும் கண்ணாயி, மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பூங்குழலி. அவர்களால் முடியாவிட்டால் மிஷினைக் கழற்றி அடிவாரத்துக்குக் கொண்டுபோய்விடுவது என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. பூங்குழலியின் அப்பா கொண்டுவந்த சாமையை ஈரம் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் கண்ணாயி திருப்பி அனுப்பியதிலிருந்து இப்படித்தான். பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. "அந்தம்மாகிட்டச் சொல்லுங்கக்கா, சாக்குப் பத்தலை" என்பாள் பூங்குழலி, அந்தம்மா பக்கத்திலேயே நிற்கும்போது. நடுவில் ஆள் இல்லாவிட்டால் கண்ணாயி மிஷினிடம் பேசுவாள்: "ஏ மிஷினு, உன்ற எசமானிகிட்டச் சொல்லு, லாரி வருதுன்னு."

அந்த நடு ஆள் தாமரைச்செல்விதான். முதலில் கேட்டதைக் கேட்டபடி கொண்டுபோனாள். பிறகு கடுஞ்சொல்லை மட்டும் எடுத்துவிட்டாள். பிறகு யாரும் சொல்லாததையும் சேர்க்க ஆரம்பித்தாள். சண்டை தணிந்தது. தன்னால் தணிந்தது என்பது அவளுக்கு இனித்தது. போன மாதப் பயிற்சி வகுப்பில், ஒருவரை ஒருவர் நம்புவதுதான் தலைமைக் குழுவுக்கு அஸ்திவாரம் என்று சொன்னபோது, என் குழு அப்படித்தான் என்று தலையாட்டியிருந்தாள். நம்பித்தான் ஆட்டினாள்.

போன் அடித்தது. கண்ணாயி.

"ஏனுங்க மேடம், நேத்தே வந்த லாரி வாசல்ல நிக்குது. டிரைவர் ஆரனை அமுக்கி அமுக்கிக் காது போச்சுங்க. அவ மிஷினை ஓட்ட மாட்டேங்கறா. என்னன்னு கேளுங்க."

அதற்குள் பூங்குழலியின் அழைப்பு. "அக்கா, அரியூர் நாட்டுல இருந்து வந்த சாமை மூட்டை ஈரமா இருக்குது. ஓட்டினா அரிசி நொறுங்கிப்போகும். அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இருவருக்கு அடிவாரத்திலிருந்து தூது. அவள் வழக்கம்போல் வாக்கியத்தை இழைக்கத் தொடங்கினாள். அடுத்த வாரம் இதை யார் இழைப்பார்கள் என்று தோன்றியதும் நிறுத்தினாள். இரண்டு அழைப்புகளையும் சேர்த்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் லைன்ல இருக்கீங்க. நீங்களே பேசிக்குங்க."

ஒரே ஆரன் இரண்டு போனிலும் அலறியது.

"ஈரமா?" என்றாள் கண்ணாயி. "நான் பல்லுல கடிச்சுப் பாத்து வாங்குனது."

"எந்தப் பல்லுல? கட்டுன பல்லுலயா?"

"வாய் பாரு! மன்னிப்புக் கேட்டவ பேசற பேச்சா இது?"

"நான் மன்னிப்புக் கேட்டனா? நீங்கதான், எங்கப்பன் மனசை நோகடிச்சுட்டேன்னு அழுதீங்களாம். அக்கா சொன்னாங்க."

"நான் அழுதனா?"

அழைப்பைத் துண்டித்துவிட்டு, சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். தாமரைச்செல்வியின் விரல் பொத்தானுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"ஏனுங்க மேடம், இருக்கறீங்களா?"

"இருக்கறேன்."

"நான் அழுதனா?"

"இல்லைங்க. அவளும் மன்னிப்புக் கேட்கலை. நானாச் சொன்னது. நீங்க ரெண்டு பேரும் சேரணும்னு..."

"எங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லிட்டனே!" பூங்குழலியின் குரல் உடைந்தது. "கண்ணாயி அழுதாளா, அட பாவமேன்னு அந்த மனுசன் அன்னிக்குத்தான் நல்லாச் சாப்பிட்டாரு. இப்பப் போய் என்னன்னு சொல்றது?"

கண்ணாயிதான் பேசினாள், மெதுவாக.

"நானே வாரேன் கண்ணு உங்க ஊட்டுக்கு. அழுகச் சொன்னா அழுகமாட்டேன். ஆனா வாரேன். முதல்ல அந்தச் சாமையைக் காட்டு."

காலடிச் சத்தம், சாக்கு அவிழும் சத்தம், யாரோ தானியத்தைக் கடிக்கும் மெல்லிய சத்தம்.

"செவுத்தோர மூட்டைல சாரல் அடிச்சிருக்குதடி. நடு அடுக்கைக் கடிச்சுப் பாரு."

"இது நல்லாக் காஞ்சிருக்குது அத்தை."

"அப்ப அதைப் போடு. நனைஞ்சது அடுத்த லோடுல போகட்டும், டிரைவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அழைப்பு நின்றது. அவளிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. திரும்ப அழைத்தாள். கண்ணாயியும் எடுக்கவில்லை, பூங்குழலியும் எடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் வழி திறந்தது. மேலே வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வளைவுகளைத் தாண்டியபோது லாரி எதிரே வந்தது, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி. பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. அது நிறைந்து இறங்குவதைத்தான் இத்தனை நாள் வேண்டியிருந்தாள். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று காலியானது.

செம்மேட்டில் இறங்கியதும், நிலையத்துக்குப் போகுமுன் பூங்குழலியின் அப்பாவைப் பார்க்க வேண்டும். அவரிடம் என்ன சொல்வது?

யோசிப்பதற்குள் ஒரு வாக்கியம் வந்து நின்றது. மென்மையாக, யாருக்கும் வலிக்காமல், கொஞ்சம் பொய்யாக. அது வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.