பேரம் பேசாத மொதலாளி

மக்கீன் ஹாஜியார் மௌத்தாகும்போது கடைசியாகச் சொன்னது கலிமா அல்ல. "ஈரம் கூட" என்பதுதான்.

அதைக் கேட்டவர்கள் ஏழு பேர். கட்டிலின் தலைமாட்டில் நின்று, காதுக்குப் பக்கத்தில் குனிந்து கலிமாவைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் மஹ்ரூப் முதலாளி. மக்கீன் கண்ணைத் திறந்தார். கூட்டாளியை அடையாளம் கண்டுகொண்டார். ஐம்பது வருடமாக மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு மூட்டைக்குள் கையை விட்டுவிட்டு விலையைக் குறைக்க எதைச் சொல்வாரோ அதையே சொன்னார்: "ஈரம் கூட. கழிச்சுப் போடு." அதோடு கண் மூடிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும், கலிமா சொல்லித்தான் போனார் என்று ஏழு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஏழு வியாபாரிகள் ஒரே விலை சொல்வது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

மஹ்ரூபுக்கு அன்று பிடித்த பயம் விடவில்லை. அவருக்கு வயது அறுபத்து மூன்று. கராம்பு, மிளகு, சாதிக்காய் என்று நாற்பத்தொரு வருடம் வாங்கி விற்றவர். தூக்கத்திலும் விலை பேசுவார். "ராவும் கராம்பு வித்தீங்க" என்று மனைவி ஹமீமா காலையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டே சொல்வது கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து உள்ள வழக்கம். முன்பெல்லாம், நல்ல விலைக்கா போனது என்று கேட்டுச் சிரிப்பார். மக்கீனை அடக்கிய மறுநாள் காலை சிரிப்பு வரவில்லை. தூக்கத்தில் தானாக வருவது எதுவோ, அதுதானே கடைசி மூச்சிலும் வரும். அன்றைக்கு என் தலைமாட்டில் நிற்கப்போகிறவனும் வெளியே வந்து எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டுமா?

தொழுகையில் நின்று பார்த்தார். முதல் ரக்அத்தில் முந்தாநாள் இறங்கிய சரக்கு வந்தது. இரண்டாவதில் அதைக் கேட்டு வந்த கண்டிக்காரன் வந்தான். ஸலாம் கொடுத்து முடிப்பதற்குள் சரக்கு கைமாறியிருந்தது.

காது களைத்திருந்தது, நாக்கு அதைவிடக் களைத்திருந்தது. நாற்பது நாள் எங்கேயாவது தனியாகப் போயிருந்து, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ர் செய்து, இந்த விலைகளையெல்லாம் மண்டையிலிருந்து இறக்கிவிட்டு வரப்போவதாக வீட்டில் சொன்னார். கடையைப் பார்க்கும் மகன் பவாஸ், மார்க்க வேலைக்கு ஊர் ஊராகப் போகிற ஜமாஅத்தில் போகலாமே வாப்பா என்றான். ஜமாஅத்தில் போகிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு மிளகு விற்றவர்கள், மீதிப் பேர் வாங்கியவர்கள். அவர்களோடு போவதற்குக் கடையிலேயே இருந்துவிடலாம்.

வீடு இரத்தோட்டைக்கு மேலே கிடைத்தது. பஸ் நிற்கும் வளைவிலிருந்து கால் மணி நேர ஏற்றம். இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் ஒரு பெரிய பலா மரம், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த கிருஷ்ணம்மாவுடைய வீடு அது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் நிஷாந்தி அனுப்பிய காசில் கட்டியது. கிருஷ்ணம்மா அதில் குடியிருக்கவில்லை. பழகிய இடத்தில்தான் தூக்கம் வருகிறது என்று கீழே தோட்டத்து லயத்தில், பழைய வரிசை வீட்டிலேயே இருந்தாள்.

மாத்தளையில் மிளகு வியாபாரம் என்று சொல்லி, நாற்பது நாளுக்கு என்ன வாடகை என்று கேட்டார். அவள் ஒரு தரம் வீட்டைப் பார்த்தாள், ஒரு தரம் அவருடைய செருப்பைப் பார்த்தாள். அறுபதாயிரம் என்றாள்.

மஹ்ரூபின் நாக்கு "என்ன" என்று தொடங்கிவிட்டது. நாற்பத்தொரு வருடமாக அடுத்தவர் சொன்ன முதல் விலைக்கு அவர் அந்த "என்ன"வைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. பல்லைக் கடித்தார். நாக்கைக் கழுவத்தானே வந்தோம், இங்கேயே தொடங்குவோம் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி" என்றார்.

காசை எடுத்துக் கையில் கொடுத்தார். கிருஷ்ணம்மாவின் முகம் விழுந்துபோனது. வாங்கிய காசை எண்ணவுமில்லை. நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள், இன்னும் நாலு அடி போய் இன்னொரு தரம் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் மஹ்ரூப். நாற்பத்தொரு வருடம் மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பிழைத்தவர் அந்த ஒரு முகத்தைத் தவறாகப் படித்தார்.

முதல் வாரம் அமைதி இருந்தது, மண்டைக்கு வெளியே மட்டும். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுப் பின்பக்கப் படியில் தஸ்பீஹ் மணிகளோடு உட்காருவார். பலா மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. பார்க்கக்கூடாது என்று பார்த்தார். காய்ந்தால் எவ்வளவு தேறும் என்று மண்டை சொல்லிவிட்டது. கண்ணை மூடினால் காற்றில் கராம்புப் பூ வாசம் வந்தது, அதன் கூடவே அதன் விலையும். ஆனாலும் ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் அளவில் மணிகள் கொஞ்சம் தாமாக உருளத் தொடங்கின. ஒரு காலையில் முந்நூறு தடவைக்கு மேல் எந்த விலையும் குறுக்கே வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது. களைப்பில் வந்ததா வேறெதிலா என்று தெரியவில்லை.

பதினோராம் நாள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் கிருஷ்ணம்மாவின் அண்ணன் கணபதி, வளைவில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். ஆடு ஒன்று காணாமல் போய்விட்டதாம். வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். மறுநாள் இரண்டு பேர் அதே ஆட்டைத் தேடி வந்தார்கள். அடுத்த நாள் நாவுலப் பக்கமிருந்து ஒருவன், கைப்பிடி வைத்த தட்டு மாதிரி ஒரு மெஷினோடு வந்து, கரண்ட் லைன் பார்க்க வந்ததாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தோட்டம் முழுக்க அதை மண்ணோடு ஒட்டி நடத்திக்கொண்டு போனான். மெஷின் ஓரிடத்தில் கத்தியது. தோண்டி ஒரு துருப்பிடித்த மீன் டின்னை எடுத்தான். மஹ்ரூப் படியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காததும் ஒரு சாட்சியாகிப்போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இரத்தோட்டைக்கு இறங்கிப் போய்த் திரும்பினால், பலா மரத்தடியில் ஆளுயரக் குழி. வேரில் மண்வெட்டி பட்டுப் பால் வடிந்துகொண்டிருந்தது. குழி விளிம்பில் வெற்றிலை துப்பிய அடையாளம். அன்றைக்கு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹை எடுத்தார். பத்தாவது மணியில், இந்தக் குழியை மூட ஆளுக்கு என்ன கூலி கேட்பான் என்று மண்டை கணக்குப் போட்டது. மணிகளைக் கீழே வைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை கிருஷ்ணம்மாவே வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. மடியை அவிழ்த்துக் காசுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மொதலாளி, இத வாங்கிக்கிட்டுப் போயிருங்க. எனக்கு வாடகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஏன் என்று கேட்டார்.

"நான் படிக்காதவ. ஆனா சின்ன வயசுல இருந்து சந்தைக்குப் போறவ. அறுபதுன்னு வாய் கூசிக்கிட்டுத்தான் சொன்னேன். நீங்க பாதி கேப்பீங்க, நான் தலையில அடிச்சிக்குவேன், அப்பறம் நாப்பதுல வந்து நிப்போம்னு இருந்தேன். நீங்க சரின்னுட்டீங்க. மாத்தளைல மிளகு யாவாரம் பண்றவரு, சொன்ன வெலைக்குச் சரின்னா, நான் என்னத்தையோ தெரியாம தூக்கிக் குடுத்துட்டேன்னுதானே அர்த்தம். அன்னைக்கிருந்து தூக்கம் இல்ல. தொழுவுறது கொஞ்ச நேரந்தான், அது எங்களுக்கும் தெரியும். அதுக்கப்பறம் மூணு மணித்தியாலம் அந்தப் பலா மரத்தையே பாத்துக்கிட்டு என்னமோ எண்ணுறாருன்னு அண்ணன் சொல்றாரு. என்னா இருக்கு அங்க?"

புதையல் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொன்னால் பங்கு போய்விடும் போலிருக்கிறது.

மஹ்ரூப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, நான் எண்ணுவது அல்லாஹ்வுடைய பெயரை, பேரம் பேசுவதை விட்டுவிட்டேன், அதற்காகத்தான் இங்கே வந்ததே என்றார்.

"நம்ம மலையில சிறுத்த இருக்கு மொதலாளி. அதுகூட எறச்சிய விட்டுட்டேன்னு இன்னும் சொல்லல."

அவர் படியில் சாய்ந்துகொண்டார். போய்விடலாம். போனால் நாற்பது நாள் பத்தொன்பதோடு முடியும். இன்னொரு மலை, இன்னொரு வீடு, அங்கேயும் இந்த "சரி" முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். இருக்கலாம் என்றால், இந்தப் பெண் நம்பும்படி பேச ஒரே ஒரு மொழிதான் உண்டு. அதைத்தான் அவர் கழுவிக்கொண்டிருந்தார். முந்நூறு மணிகள் உருண்ட அந்தக் காலையை நினைத்தார். கிருஷ்ணம்மாவின் கண்ணைப் பார்த்தார். அவருடைய அமைதிக்காக அவள் பத்தொன்பது நாள் தூங்காமல் இருந்திருக்கிறாள். இது என்ன வணக்கம், என்ன இபாதத்.

"உக்காருங்க கிருஷ்ணம்மா" என்றார். "முழுக் காசும் எனக்கு வேணாம். பாதியத் திருப்பித் தாங்க."

பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்த கை மெல்ல மடிப்பக்கம் போனது.

"பாதியா? எதுக்குப் பாதி?"

"கூர ஒழுகுது. ரெண்டு எடத்துல சட்டி வெச்சித்தான் படுக்கிறன்."

"தகரம்னா மழைக்கு நாலு சொட்டு விழத்தான் செய்யும். ஒங்க மாத்தளைல மழையே வீட்டுக்குள்ளதானே பேயுதுன்னாங்க."

அவ்வளவுதான். நாற்பத்தொரு வருடப் பழக்கத்தில் பத்தொன்பது நாளில் துரு ஏறவில்லை. குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வருகிறது என்றார். அது ஊற்றுத் தண்ணீர், போத்தலில் அடைத்துக் கொழும்பில் விற்கிறார்கள் என்றாள். குரங்குகள் கூரையில் ஏறி நடக்கின்றன என்றார். அதற்கென்று தனியாக வாடகை கேட்கவில்லையே என்றாள். மரத்தடியில் ஆளுயரக் குழி என்றபோது மட்டும் கொஞ்சம் திணறினாள். பிறகு, வாழை வைக்கத் தோண்டியது, வந்தவருக்கு இனாமாகக் குழி யார் தருவார்கள் என்று சமாளித்தாள். செத்துப்போன புருசன் அந்தச் சிமெண்டுத் தரையை எப்படி ஒற்றை ஆளாகப் போட்டான் என்று சொல்லி உண்மையாகவே அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் ஒரு தரம் பையைத் தூக்கிக்கொண்டு பாதை வரைக்கும் இறங்கினார். அவள் கூப்பிடாமல் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் இன்னும் பத்து அடி போனார். கூப்பிட்டாள். இரண்டு தரம் பிளேன்டீ ஆறியது.

வேலிக்கு அந்தப் பக்கம் கணபதியும் ஆடு தேடிய இருவரும் வந்து நின்று கேட்டார்கள். மொதலாளி ஒரு தொகைக்கு முகம் சுளித்தபோது கணபதியும் சேர்ந்து சுளித்தார்.

லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் பேரம் நாற்பத்திரண்டாயிரத்தில் வந்து நின்றது. மிச்சத்தை அவள் ஒவ்வொரு தாளாகத் தடவித் தடவித் திருப்பிக் கொடுத்தாள். முகம் தெளிந்திருந்தது.

"கழுத்த அறுத்துப்புட்டீங்க மொதலாளி" என்றாள். அதில் அப்படி ஒரு நிம்மதி. "இப்பத்தான் மனசு ஆறுச்சு."

கணபதி வேலியைத் தாண்டி வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். நாலு தகரத்துக்கும் குழாய்க்கும் இப்படி உயிரைக் கொடுத்து மல்லுக்கட்டிய மனிதன் புதையலின் மேல் உட்கார்ந்திருக்க முடியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மண்வெட்டியை எடுத்து வரச்சொல்லிக் குழியை மூடினார்கள். கூலி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆடு தேடி யாரும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

மஹ்ரூப் தொழுதார். படியில் வந்து உட்கார்ந்து தஸ்பீஹை எடுத்தார். வெட்கமாக இருந்தது. பத்தொன்பது நாள் கட்டியதை ஒரு காலையில் உடைத்தாயிற்று. அதைவிட வெட்கம், அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட மனம் வேறெங்கும் போகவில்லை என்பது. தொழுகையில் அப்படி நின்றதே இல்லை. இதையெல்லாம் யோசிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. எந்த மணியில் தூங்கிப்போனார் என்று தெரியாது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கிருஷ்ணம்மா படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடிய தட்டு. அவித்த மரவள்ளி, மேலே ஒரு ஓரத்தில் கட்டச்சம்பல். வியாபாரம் முடிந்தால் வெறுங்கையாக விடக்கூடாது என்றாள்.

"எழுப்பலாம்னுதான் வந்தேன். தூக்கத்துல பேசிக்கிட்டு இருந்தீங்க, அதான் நின்னேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன பேசினன்? ஓதினனா, விலை சொன்னனா?"

ஏமாற்ற வேண்டிய அவசியம் அவளுக்கு இப்போது இல்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"வெலதான் மொதலாளி. கொஞ்சம் கொறைங்க, கொஞ்சம் கொறைங்கன்னீங்க. ஆனா காலைல எங்கிட்டப் பேசின மாதிரி இல்ல. கைய ஏந்திக்கிட்டுக் கெஞ்சினீங்க. கேக்கவே பாவமா இருந்துச்சு."

மஹ்ரூப் தன் கைகளைப் பார்த்தார். தொழுகை முடித்து துஆ கேட்கும்போதுபோல மடியில் மல்லாந்து கிடந்தன. நாற்பத்தொரு வருடத்தில் அவர் ஒருவரிடமும் விலைக்குக் கெஞ்சியதில்லை. கெஞ்சினால் அந்தத் தெருவில் மறுநாள் கடை திறக்க முடியாது. அப்படியென்றால் யாரிடம்?

அவள் தட்டைப் படியில் வைத்தாள். ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு, மூடிய குழியின் மண்ணை ஒரு தரம் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அவர் கீழே விழுந்து கிடந்த தஸ்பீஹைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மரவள்ளியில் ஒரு துண்டைப் பிட்டார். இன்னும் சூடு இருந்தது. இருபத்தொரு நாள் மிச்சம் இருந்தது.