படத்தில் யார் இல்லை

சீனாவில் ஓர் அமைச்சர் வீழ்ந்துவிட்டாரா என்பதை அந்த அமைச்சருக்குத் தெரிவதற்கு முன்பே கண்டுபிடிப்பது என் வேலை. கல்கத்தா சால்ட் லேக் செக்டர் ஃபைவில், ஏழாவது மாடியில், ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் விழும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். சீனாவிலிருந்து உதிரிபாகம் வாங்கும் கம்பெனிகளுக்கு எங்கள் அலுவலகம் வாரா வாரம் ஓர் அறிக்கை அனுப்பும். அங்கே யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், எந்த விதி அடுத்த மாதம் மாறும் என்று அதில் எழுதியிருப்போம்.

இதையெல்லாம் அங்கிருந்து யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள். கட்சிப் பத்திரிகையைப் படித்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் புகைப்படம் வந்தால் அதில் யார் இல்லை என்று முதலில் பார்ப்போம். அப்புறம் பெயர்களின் வரிசை. போன மாதம் மூன்றாவதாக வந்தவர் இந்த மாதம் ஐந்தாவதாக வந்தால் ஒரு பாரா எழுதலாம். பெயரோடு ஒட்டியிருந்த 'தோழர்' காணாமல் போனால் அறிக்கையின் தலைப்பே அதுதான். அமைச்சகத்தின் வலைத்தளத்திலிருந்து படம் போய்விட்டதென்றால் கதை முடிந்தது. பிறகு என்றைக்காவது ஒருநாள் 'கடுமையான ஒழுங்கு மீறல்' என்று இரண்டு வரி வரும். வராமலும் போகும்.

எங்கள் பிரிவில் மூன்று பேர், மூவரும் தமிழர்கள். தலைவர் ராகவேந்திரன் சார். முப்பது வருடமாகச் சீனப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து, வீட்டில் மனைவி "தலைவலிக்குது" என்றால்கூட அதில் வராத சொல் எது என்று யோசிக்கிறவர். அடுத்தவள் நான், இந்துஜா. மூன்றாவது பிரிட்டோ, தூத்துக்குடிக்காரன், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அறிக்கையில் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொடுத்து அடிக்கடி திட்டு வாங்குவான்.

எங்கள் மூவருக்கும் மேலே இயக்குநர் நரேன் சன்யால். கல்கத்தா அலுவலகங்களின் வழக்கப்படி எல்லோருக்கும் நரேன்தா; 'தா' என்றால் அண்ணன். நேர்முகத் தேர்வில் என் ஊர் காட்பாடி என்றதும் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சீன மொழியில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலை கொடுத்தார். அது ஏன் என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

நான் இங்கே நியூ டவுனில் ஒற்றை அறை ஃபிளாட்டில் இருக்கிறேன். என் கணவர் ஆதர்ஷும் நான்கு வயது மகள் மகிழினியும் சென்னையில். ஒரு வருடம் என்று சொல்லித்தான் வந்தேன், மூன்றாவது வருடம் நடக்கிறது. மாலை ஏழு மணிக்கு வீடியோவில் அவளைப் பார்ப்பேன். சோறு ஊட்டுவதும் தலை பின்னுவதும் ஆதர்ஷ், பாராட்டுவது மட்டும் நான். போன ஆகஸ்டில் நரேன்தா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சென்னையில் கிளை திறக்கப்போவதாகவும் அங்கே சீனப் பிரிவுக்கு ஒரே ஓர் ஆள் போகலாம் என்றும், அது நான்தான் என்றும் சொன்னார். பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன். கடிதம் பூஜை முடிந்ததும் வரும் என்றார்.

துர்கா பூஜை முடிந்து அலுவலகம் திறந்தது. நரேன்தா வரவில்லை.

முதல் வாரம் நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாவது வாரம் பிஜோயா சந்திப்பு நடந்தது. பூஜைக்குப் பிறகு அலுவலகமே கூடி, கட்டிப்பிடித்து, இனிப்பு ஊட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்ளும் வழக்கம். நடு நாற்காலியில் எப்போதும் நரேன்தா இருப்பார். இந்த முறை துணை இயக்குநர் ஸ்மிதா உட்கார்ந்திருந்தார். படம் மெயிலில் வந்ததும் ராகவேந்திரன் சார் அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார்.

"கவனிச்சியாம்மா?" என்றார்.

"கவனிச்சேன் சார்."

"பீஜிங்கில கூட்டம் நடக்கிற அதே வாரம்."

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பிரிவின் முதல் விதி, கேட்கக் கூடாது. கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அது உண்மையாக இருக்காது என்பது சாரின் சித்தாந்தம்.

அதன் பிறகு அடையாளங்கள் வரிசை கட்டி வந்தன. எங்கள் வலைத்தளத்தில் நரேன்தாவின் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அறைக் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். பேன்ட்ரியில் அவருடைய நீலக் கோப்பையைக் காணவில்லை, பதினொரு வருடமாக அங்கேயே இருந்த கோப்பை. போன் செய்து பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். பதினேழாம் நாள் நிர்வாகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் ஸ்மிதாவின் பெயர் முதலிலும், அதற்குக் கீழே 'திரு. என். சன்யால்' என்றும் இருந்தது.

ராகவேந்திரன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"'தா' எங்கே?" என்றார்.

தோழர் போய்விட்டது என்று சீனாவைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது அடுத்த அறைக்காரருக்கு நடக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இருங்க சார், நான் போய்க் கேட்டுட்டு வாறேன்" என்று பிரிட்டோ எழுந்தான்.

"உக்காருப்பா. யார்கிட்ட போய் என்னன்னு கேப்ப? மேலே இருந்த ஆளு போயிட்டாரான்னு கேட்டா, அடுத்து நீ யாரோட ஆளுன்னு கேப்பாங்க."

சொல்லிவிட்டு சார் என்னைப் பார்த்தார். நான் யாருடைய ஆள் என்பதில் அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பிஜோயாவுக்குப் பிஜோயா நரேன்தா தன் கையால் சந்தேஷ் இனிப்பு ஊட்டுவது எனக்குத்தான்.

"ஒருத்தர் விழுந்தா அவரோட ஆளுங்களும் சேர்ந்துதான் விழுவாங்க" என்றார் சார் மெதுவாக. "அங்கே என்ன பண்றாங்க? மறுநாளே மாகாணம் மாகாணமா கூட்டம் போட்டு, தலைமையோட முடிவை உறுதியா ஆதரிக்கிறோம்னு நிலைப்பாட்டைச் சொல்லிடறாங்க. முதல்ல சொல்றவன் பொழைச்சுக்கறான். சென்னை வேணுமா, வேணாமா?"

வேண்டும். அந்த வாரம்தான் மகிழினிக்குக் காய்ச்சல் வந்து, மூன்று நாள் கழித்து, காய்ச்சல் விட்ட பிறகு ஆதர்ஷ் சொன்னார். "நீ அங்கேர்ந்து என்ன பண்ணிருப்ப?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

பத்தொன்பதாம் நாள் ஸ்மிதாவுக்கு எழுதினேன். சார் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். 'நிறுவனத்தின் தற்போதைய தலைமை எடுக்கும் முடிவுகளை உறுதியாக ஆதரிக்கிறேன். முந்தைய காலகட்டத்தில் சென்னைப் பணியிடத்துக்கு என் பெயர் பேசப்பட்டது ஒருவரின் தனிப்பட்ட விருப்பத்தால் மட்டுமே. நானாக அதைக் கோரவில்லை. அந்த முடிவை ரத்து செய்து, உரிய முறைப்படி புதிதாகப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இப்படி ஒரு சுத்தமான கடிதத்தை எந்த மாகாணச் செயலாளரும் எழுதியிருக்க மாட்டார். படிக்கும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"நீங்க எழுதலையா சார்?" என்று கேட்டேன்.

"மூத்தவங்க மௌனமா இருக்கறதும் ஒரு நிலைப்பாடுதான்" என்றார்.

ஸ்மிதாவிடமிருந்து 'பார்த்தேன்' என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தது. அதை நாங்கள் ஒரு மணி நேரம் ஆராய்ந்து, சாதகமானதுதான் என்ற முடிவுக்கு வந்தோம்.

மறுநாள் கீழே டீ குடிக்கப் போனோம். அங்கே கடை போட்டிருக்கும் அம்மாவை எல்லோரும் பௌதி என்பார்கள். நம் ஊரில் அண்ணி என்கிற மாதிரி. பிரிட்டோ மண் குவளையை வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வங்காளத்தில், நரேன்தா எங்கே, மூன்று வாரமாகக் காணோமே என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டான்.

பௌதி பால் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மூணு வாரம்னா வேலூர்தான்" என்றார். "வேறெங்கே போவாங்க? என் வீட்டுக்காரரும் போன வருஷம் அங்கேதான் இருந்தார். நரேன்பாபுவுக்குப் பித்தப்பையில கல்லு. போற அன்னைக்கு இங்கே நின்னுதானே டீ குடிச்சார். கையில நீலக் கோப்பை. அங்கே டம்ளர்ல குடுப்பாங்களாம், இவருக்கு இறங்காதாம்."

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

கல்கத்தாவில் யாராவது மூன்று வாரம் கண்ணில் படவில்லை என்றால் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் பிறந்து வளர்ந்ததே காட்பாடி. எங்கள் தெருவில் லாட்ஜுகளின் பெயர்ப்பலகை வங்காளத்தில் இருக்கும். படுக்கையும் எக்ஸ்ரே உறையுமாக ரயிலை விட்டு இறங்கும் வங்காளிகளைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். பதினெட்டு வருடம் கண்ணெதிரே பார்த்ததை விட்டுவிட்டு, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் யார் பெயர் எங்கே விழுந்தது என்று தேடியிருக்கிறேன்.

மற்ற அடையாளங்களும் அடுத்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாயம் வெளுத்தன. வலைத்தளத்தை மொத்தமாகப் புதுப்பிக்கிறார்கள், எல்லோருடைய படமும் ஒன்றொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பெயர்ப்பலகை பாலிஷுக்குப் போயிருந்தது. சுற்றறிக்கை தயாரித்த பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஓர் இயக்குநரை எப்படி 'தா' என்று எழுதுவது என்று அவளுக்குக் கூச்சமாம்.

நரேன்தா இருபத்தேழாம் நாள் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"உன் ஊரில்தான் இருந்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "உன்னிடம் சொன்னால் உன் அப்பாவைத் தொந்தரவு செய்வாய், அவர் தினமும் சாப்பாடு கொண்டுவந்து நிற்பார் என்று பயந்து சொல்லவில்லை. இட்லி பரவாயில்லை."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் இல்லாதபோது வரும் கடிதமெல்லாம் ஸ்மிதா எனக்கு அனுப்பிவிடுவாள். உன்னுடையதை லாட்ஜில் படித்தேன். தையல் பிரிந்துவிடும் போல் சிரிப்பு வந்தது." அவர் சிரிக்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து ஓர் உறையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். சென்னைக்கான மாற்றல் உத்தரவு. பூஜைக்கு முந்தைய தேதி, அவருடைய கையெழுத்து. "கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்."

கை நீட்டினேன். அவர் உறையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஆனால் நீ எழுதியது சரி. தனிப்பட்ட விருப்பம்தான். இப்படி எழுத்தில் வந்த பிறகு நான் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஸ்மிதா நிர்வாகக் குழுவில் வைத்தாள். அவர்களுக்கு உன் கடிதம் மிகவும் பிடித்துவிட்டது. உரிய முறைப்படி ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள்."

"யார் தலைமையில்?"

"ராகவேந்திரன்."

நான் என் இடத்துக்குத் திரும்பியபோது சார் புதிய கோப்பு ஒன்றுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் தலைவரா இருக்கறதால உனக்குச் சாதகமா பேசறது நல்லா இருக்காது பாரு" என்றார். கமிட்டியில் ஐந்து பேர். ஐவரும் ஒரே நாளில் அலுவலகத்தில் இருப்பது சரஸ்வதி பூஜைக்குப் பிறகுதானாம். நம் ஊர் மாதிரி இல்லை, இங்கே அது தை, மாசி வாக்கில்தான் வரும். நரேன்தா திரும்பிய அதே வாரம், பதினொரு வாரமாகக் காணாமல் போயிருந்த ஒரு சீனத் துணை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு பாலத்தைத் திறந்துவைத்தார். அவர் வீழ்ந்துவிட்டார் என்று இரண்டு அறிக்கை அனுப்பியிருந்தோம். அவர் எங்கே போயிருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. பிரிட்டோ மட்டும் அறிக்கையில் 'தெரியவில்லை' என்று எழுதினான். சார் அதை அடிக்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு வீடியோவில் ஆதர்ஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சரி, சாப்பிட்டியா?" என்றார். நன்றாகத் திட்டியிருக்கலாம். அப்புறம் மகிழினி வந்தாள். பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்களாம், ஸ்டார் கிடைத்ததாம். தாளைக் கேமராவோடு ஒட்டிப் பிடித்தாள்.

தலை பெரிதாக ஒரு அப்பா. பக்கத்தில் இரட்டைச் சடையோடு அவள். அடுத்து மாடிப்படியில் வந்து படுக்கும் பூனை. அதற்கடுத்து ஃபேன். அவ்வளவுதான். வரிசையில் நான்காவதாக ஃபேன் வந்திருந்தது. அதற்குப் பிறகும் நான் வரவில்லை. படத்தில் யார் இல்லை என்று பார்த்துத்தான் நான் சாப்பிடுகிறேன், இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. சூப்பர்டா தங்கம் என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனேன். அப்போது, பிரிட்டோ கேட்டதும் பௌதி பால் பாத்திரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக எங்கள் பிரிவின் முதல் விதியை மீறினேன்.

"மகி, இதுல அம்மா எங்கடா?"

அவளுக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது. தாளை மறுபடி கேமராவுக்குக் காட்டி, அப்பாவின் கையில் கறுப்பு கிரேயானால் அழுத்திப் போட்டிருந்த ஒரு சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதோ இருக்கியே. அப்பா கையில. இன்னும் ஏழு மணி ஆகல, அதான் நீ தெரியல."