மூன்று மூடி மருந்து

இரவு ஷிப்ட் முடிந்து, காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் கோதண்டத்தைப் பிள்ளைப்பாக்கம் முனையில் இறக்கிவிட்டுப் போனது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது? மனைவி இறந்து மூன்று வருடம். மகன் ராஜசேகர் மறைமலை நகரில் குடித்தனம். யூனிபார்மைக்கூட மாற்றாமல் வேர்க்கடலைக் கொல்லைக்கு நடந்தார். அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே துணை அந்த அரை ஏக்கர்தான்.

அதற்கும் மகன் கெடு வைத்திருந்தான். "இந்தத் தபாவும் வெளயலன்னா பிளாட்டுக்குக் குட்த்துடலாம்ப்பா."

விதைத்து முப்பது நாள். நடுக்கொல்லையில் ஒரு களை இல்லை. ஆனால் கடலைச் செடிகளும் மஞ்சள் பாய்ந்து சோர்ந்து நின்றன.

களை தலைகாட்டிய அன்றே உள்ளூர் அம்சவல்லி கேட்டாள். வாரமெல்லாம் கம்பெனி கேன்டீனில் வேலை செய்பவள். "ஞாயித்துக்கெழம நாலு பேரு களையெடுக்க வர்றோம்ண்ணே" என்றவளை, "மருந்தே பாத்துக்கும்மா" என்று அனுப்பிவிட்டார். கம்பெனித் தரையில் எண்ணெய்க் கறை கழுவும் கை அவருடையது. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகப் பளிச்சிடும் என்று பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு மூடி ஊற்றவேண்டிய களைக்கொல்லியை மூன்று மூடி ஊற்றி அடித்தார்.

வரப்போரம் ஒரு வரிசை மட்டும் களைகளுக்கு நடுவிலும் கரும்பச்சையாக இருந்தது. தெளிப்பான் காலியானதால் விட்டுப்போன வரிசை. அதில் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சுகள். நடுக்கொல்லைச் செடியைப் பிடுங்கினார். வேர் மொட்டையாக இருந்தது.

விதையில் பூச நுண்ணுயிர் உரம் கொடுத்த வேளாண் அலுவலர் கலைமதிக்குப் போன் போட்டார்.

"அந்த முடிச்சுலதான் சார் நல்ல பாக்டீரியா இருக்கும். காத்துல இருக்கற சத்தைப் புடிச்சு செடிக்குக் குடுக்கும். மருந்து அளவு மீறினா அதுங்களும் அடிபடும். தொழுவுரம் போடுங்க, மண்ணு மெதுவா தேறும். இந்தவாட்டி பெரிய வெளச்சல் எதிர்பார்க்காதீங்க."

கோதண்டம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மண்ணுக்கு மேலேயும் துணைக்கு ஆளில்லை, மண்ணுக்குள்ளேயும் ஆளில்லை. மனைவி போன அன்றுகூட இவ்வளவு தனியாக அவர் உணர்ந்ததில்லை.

எழுந்து பஸ் முனைக்கு வந்தார். அங்கே அம்சவல்லி கேன்டீன் வேனுக்காக நின்றிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம நாலு பேரும் வரீங்களாம்மா?"

"களையே இல்லியேண்ணே, இன்னாத்துக்கு?"

"எரு எறைக்கணும். கண்ணுக்குத் தெரிஞ்ச உங்களயும் வேணான்னேன். கண்ணுக்குத் தெரியாம மண்ணுக்குள்ள ஒழைச்சதுங்களயும் கொன்னுட்டேன். களைய ஒழிக்கிற அவசரத்துல, அதோட சேந்து எது சாவுதுன்னு பாக்காம மருந்து ஊத்தக் கூடாதும்மா."

"ஏன் வெளயலன்னு புள்ள கேட்டா இன்னா சொல்லுவே?"

"மண்ணு மேல தப்பில்ல, என் மேலதான்னு சொல்லுவேன். மண்ணுக்கு இன்னொரு போகம் குடுடான்னு கேப்பேன்."