எக்ஸ் வந்தால் கை வைக்காதே

வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம் ஏலக்காரர். காய்கறி மண்டியில் எவன் விரலைத் தூக்கினாலும் இமைக்கும் நேரத்தில் பிடித்து விலையைக் கத்துவதுதான் இருபது வருஷமாக அவர் பிழைப்பு. அப்பேர்ப்பட்ட மனுஷனையே ஒரு சீட்டு ஆட்டிவைத்தது. பத்து வயசு மகள் பம்பரத்துக்கு வகுப்பில் கவனம் நிற்பதில்லை, சோதித்து எழுதி வாங்கி வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சீட்டு கொடுத்துவிட்டார்கள். என் பிள்ளையை லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களோ? இதே நினைப்பில் ரெண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கவனத்தைச் சோதிக்கிற அம்மா, கம்ப்யூட்டர் முன்னால் பம்பரத்தை உட்காரவைத்தார்.

"ஒவ்வொரு எழுத்தா வரும். வந்ததும் கீபோர்டுல இந்த நீளக் கட்டையை அமுக்கணும். எக்ஸ் வந்தா மட்டும் கை வைக்கக் கூடாது. பதினாலு நிமிஷம். அப்பா பின்னாடி உக்காரலாம், ஆனா மூச்சு விடக் கூடாது."

மூச்சு விடாமலா? நல்ல கதை! பத்து எழுத்து போவதற்குள் அவர் உதடு தன்னால் முணுமுணுத்தது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." எக்ஸ் வந்தது. பம்பரம் விரலை அடக்கிக்கொண்டாள். பின்னாலிருந்து "மூணு தரம்!" என்று கிளம்பியது. லீவு நாளில் மண்டிக்குப் போனால், மூணாவது தரத்துக்கு மேஜையில் ஓங்கித் தட்டுவது அவள் வேலை. பழகிய கை சும்மா இருக்குமா? பட்டென்று அமுக்கிவிட்டாள்.

மூணே நிமிஷத்தில் அந்த அம்மா நிறுத்திவிட்டார். "தப்பு நாலு."

ஏலக்காரருக்கு உயிரே போய்விட்டது.

"நாலும் நீங்க மூணு தரம் சொன்னப்போ. இது செல்லாது, அடுத்த வாரம் வாங்க."

போன உயிர் வந்ததும் வாயும் கூடவே வந்தது. "எழுத்தைப் பாத்து அமுக்குறதுல என்னம்மா பெரிய வித்தை?"

"அப்படியா? நீங்க உக்காருங்க. பிள்ளை பின்னாடி வரட்டும், இப்ப அவ மூச்சு விடக் கூடாது."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் எக்ஸ். பட்! "ஐயையோ!" அடுத்த எக்ஸ். பட்! "அட, சனியனே!" பதினாலு நிமிஷத்தில் முப்பத்தாறு எக்ஸ் வந்தது. முப்பத்தொண்ணில் அமுக்கிவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

திரும்பினார். பம்பரம் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

அவள் கையை எடுத்தாள். "அமுக்காதப்பான்னு ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு தடவைகூட வெளிய விடலையே!"

ஏலக்காரருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். "இதையும் எழுதுவீங்களாம்மா?"

"எழுதிட்டேன்," என்றார் அந்த அம்மா.

"அடுத்த வாரம் நான் வாசல்லயே நின்னுக்கிறேன்."

"வாசல் வேணாம்ப்பா," என்றாள் பம்பரம். "தெருமுனையில நில்லு."