கடற்பாசிச் சட்டை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, மக்களே. காலை மடக்கி உட்காருங்கள். என் வீட்டுக்காரர் குடலுக்குள் நான் ஆள் குடிவைக்கப் போன கதையைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு கிண்ணம் உறைமோருடன் அவர் வாய்க்குள் இறங்கினேன். மருந்து தின்று தின்று அவர் குடலில் குடியிருந்த நல்ல நுண்ணுயிர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சோறு போனால் வாங்கி வைக்க ஆள் கிடையாது. பத்துப் பேராவது உயிரோடு போய்த் தங்காவிட்டால் அவர் உயிர் வெள்ளிக்கிழமை தாண்டாது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

மோரில் இருந்த நுண்ணுயிர்கள் கிண்ணத்தைவிட்டு இறங்கி வரிசையாக என் பின்னால் வந்தன. வழியில் அமிலம். அதனால் ஒவ்வொருவருக்கும் கடற்பாசியில் சட்டை தைத்துப் போட்டிருந்தேன். மனசு கேட்காமல் இரட்டைத் தையல்.

உணவுக்குழாய் நடக்க நடக்க நீண்டது. முடிவில் வயிறு. அங்கே ஒரு மேஜை, ஓர் அதிகாரி. அவர் விரலில் அமிலம் சொட்டியது.

"உடம்புக்காரர் பேரு?"

"நான் அவுக பேரச் சொல்லக்கூடாது சார். நீங்க அவுக வயித்துலதான இருக்கீங்க."

"சரி. இவங்கல்லாம் உயிரோட இருக்கதுக்குச் சான்று?"

"கண்ணு முன்னாலதான நிக்காக."

"பென்ஷன்காரங்களே வருசா வருசம் ரேகை வைக்காங்க. வைக்கச் சொல்லுங்க."

"அவுகளுக்குக் கை கிடையாது சார்."

"அப்போ இறந்தவங்கன்னு எழுதிக்கிடுதேன். இறந்தவங்க தாராளமா போலாம்."

எழுதிக்கொண்டே எல்லோர் தலையிலும் அமிலத்தை ஊற்றினார். சட்டை தாங்கியது. ஒருவர்கூடச் சாகவில்லை.

குடல் வெள்ளையடித்த வீடு மாதிரி காலியாக இருந்தது.

"வந்தாச்சு. சட்டையக் கழத்திட்டு உக்காருங்க," என்றேன்.

"கழத்த வரலம்மா," என்றார் அவர்களில் மூத்தவர். "நல்லாத் தச்சிருக்கீக."

பல்லால் கடித்து இழுத்தேன். நகத்தால் கீறினேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. சட்டையோடு அவர்களால் எங்கேயும் ஒட்டி உட்கார முடியவில்லை. குடல் மெல்லத் தள்ளியது.

மேலேயிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஏட்டி, வந்துட்டாகளா?"

"வந்துட்டாக."

"எல்லாருக்கும் உசிரு இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

"அப்போ சரி. பசிக்கு."

அவர்கள் பின்வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் என்னைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வாறோம்மா," என்றார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் சரி என்றேன். கடைசி ஆளும் போன பிறகு, ஒரு வாய் சோறு மேலேயிருந்து வந்து என் பக்கத்தில் விழுந்தது. அதை வாங்கி வைக்க எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் பால் கெட்டியாக உறையட்டும், மக்களே. உங்களைத் தேடி வருகிறவர்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நெடுநாள் உட்கார்ந்திருக்கட்டும்.