வியாழக்கிழமை பன்னிரண்டு இருபது

வேலை கிடைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே வேலை தேடியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருபத்துமூன்று வருடம் இருந்தேன். சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறை சொல்வதற்கே சம்பளம் வாங்கியவள். தொழிற்சாலையை மூடியதும் எங்களில் ஆறு பேரைச் சமுதாயக் கல்லூரிக்கு ஆறு மாதக் கணினிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மற்ற ஐந்து பேரும் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார அவர்களுக்குக் கூச்சம். எனக்கும் கூச்சம்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து யார் முகத்தைப் பார்ப்பது?

வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில் வேலையும் கைக்குழந்தையுமாக அல்லாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியா?" என்பாள். "ஆச்சு" என்பேன். அதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். வகுப்பிலோ, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பதோடு பிள்ளைகளின் பேச்சு முடிந்துவிடும். சில நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது ஞாபகம் வரும்.

கல்லூரியில் தரைத்தளத்தின் கடைசி அறை நான்காம் எண், மாணவர் உதவி மையம். பஸ் பாஸ், கட்டணச் சலுகை, விண்ணப்பம் எழுதித் தருவது, வேலைக்கு அனுப்புவது எல்லாம் அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் நாலாம் நம்பர் மேடம் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் நேர்காணல் பழக்குவார். எனக்கு வியாழக்கிழமை பன்னிரண்டு இருபது முதல் ஒரு மணி வரை ஒதுக்கியிருந்தார்.

முதல் வியாழக்கிழமை, முதலாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார்.

கடைசியாக யார் என்னை இப்படிக் கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவர் முகமும் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் ஆரம்பித்து, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரம், மகளின் பிரசவம், மாடிவீட்டுக்காரியோடு தண்ணீர்ச் சண்டை என்று மடை திறந்த மாதிரி கொட்டினேன். மணி ஒன்றேகால் ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் என்னை விட மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒன்று இருபது வரை பேசினேன். அப்புறம் வியாழக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ள ஆரம்பித்தேன். புதன்கிழமையே புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வேலை கிடைத்ததும் அந்த ஆளின் ஃபைலை மூடிவிடுவார்கள். அதன்பின் நான்காம் எண் அறையில் நமக்கு நேரம் கிடையாது, அது அடுத்தவருக்குப் போய்விடும். முதல் நாளே இதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன், அதுவும் படித்துப் பார்க்காமல். ஆயிரம் சட்டையில் ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடிப்பவள் இதைக் கோட்டைவிட்டேன்.

அதனால், மேடம் அனுப்பிய முதல் நேர்காணலில், "கம்ப்யூட்டர்னா எனக்குக் கை நடுங்கும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது இடத்துக்கு வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். இரண்டு தடவையும் மேடத்திடம் வந்து, "என்னமோ அமையல மேடம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டேன். "பரவாயில்லம்மா, பாத்துக்கலாம்" என்றார். கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் வியாழக்கிழமை கையில் இருந்தது.

மூன்றாவது ஒரு ஆஸ்பத்திரி, நோயாளிகளின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. அந்தப் பிரிவின் அதிகாரி கறாரான மனிதர். இவரிடம் பொய் சொல்வானேன், உண்மையைச் சொன்னாலே துரத்திவிடுவார் என்று நினைத்தேன்.

"டைப்பிங் மெதுவாத்தான் வரும் சார். முட்டி வலி இருக்கு, அடிக்கடி மாடி ஏற முடியாது. யாராவது கத்தினா நானும் திருப்பிக் கத்துவேன். இருபத்துமூணு வருஷம் தப்பு கண்டுபிடிச்சே பழகிட்டேன், உங்க வேலையிலயும் கண்டுபிடிப்பேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நேத்து பத்து பேரு வந்தாங்க. பத்து பேருக்கும் ஒரு குறையும் இல்லையாம். இங்க ஒரு மருந்து பேரு மாறிப்போனா என்ன ஆகும் தெரியுமா? எனக்குத் தப்பு கண்டுபிடிக்கிற ஆளுதான் வேணும். திங்கக்கிழமை வந்துருங்க" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது, இதுவும் அமையவில்லை என்று மேடத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வேலை இல்லாமல் எத்தனை நாள் தள்ள முடியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. புத்தி கெட்ட காரியம்தான், தெரியாமல் இல்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு இருபதுக்குப் போனால், மேடம் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து கல்லூரிக்கே கடிதம் வந்திருந்தது.

"சாதிச்சுட்டீங்கம்மா. ஃபைல க்ளோஸ் பண்ணிரலாமா? ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கையெழுத்துப் போடணும். பொறுமையாப் படிச்சிட்டே போடுங்க."

இந்த முறை படித்தேன். பத்தொன்பது வியாழக்கிழமைக்குப் பத்தொன்பது பக்கம். வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லி அழுத நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். பதில் நீளம். சுருக்கப் பழக வேண்டும்' என்று இருந்தது. மகளின் பிரசவத்தை மறுபடியும் சொன்ன நாளிலும் 'பதில் நீளம்' என்றுதான் இருந்தது. எனக்குச் சுரீர் என்றது. நான் என் வாழ்க்கையைச் சொன்னேன், இவர் அதற்கு மார்க் போட்டிருக்கிறார். கோபத்தில் பேனாவை அழுத்தியதில் ஒரு பக்கம் கிழிந்தே விட்டது.

பதினான்காம் பக்கத்தில் கை நின்றது. நான் தாமதமாகப் போன நேர்காணலுக்கு அடுத்த வாரம் எழுதியது. 'வேண்டுமென்றே தவறவிடுகிறார் என்று நினைக்கிறேன். வீட்டில் பேச ஆள் இல்லை. அவசரப்படுத்த வேண்டாம்.'

தலையை நிமிர்த்த முடியவில்லை. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். மீதிப் பக்கங்களில் ஒரு சொல்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முடிக்கும்போது மணி ஒன்று ஐந்து.

"கடைசியா ஒண்ணு" என்றார் மேடம். "நீங்க ஏதாவது கேக்கணுமான்னு நான் கேக்கணும், படிவத்துல இருக்கு."

இத்தனை வாரத்தில் அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீடு எங்கே, பிள்ளை உண்டா, ஒன்றும் தெரியாது. ஜன்னல் திட்டில் ஒரு சாப்பாட்டு டப்பா மூடியபடி இருந்தது.

"நீங்க எப்ப மேடம் சாப்பிடுவீங்க?"

"ஒரு மணிக்கும்மா. ஒன்றரைக்கு அடுத்த ஆளு வந்துருவாங்க." சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "வீட்ல ஆறு பேரு. இங்க நாப்பது பேரு. காலைல கண்ண முழிச்சதுலேருந்து யாராவது எங்கிட்ட பேசிக்கிட்டே இருப்பாங்க. இந்த அரை மணி நேரம்தான் கதவச் சாத்திட்டுச் சும்மா இருப்பேன். சாப்பாடு கூட ரெண்டாம்பட்சம்தான்."

குத்திக்காட்டும் குரலே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்று எட்டு. எழுந்துவிட்டேன்.

"இருங்கம்மா, என்ன அவசரம்? இன்னைக்குக் கடைசி நாளு" என்றார்.

"இல்ல மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு." வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் போடுவது கேட்டது.

பஸ் இரண்டு மணிக்குத்தான். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ் பாஸ் படிவத்தோடு ஒரு பெண் வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

"தட்டாதம்மா. ஒன்றரைக்கு மேல வா."

"ஒரே ஒரு கையெழுத்துதான் ஆன்ட்டி."

"ஒரு கையெழுத்தும் கிடையாது. போயிட்டு வா."

முறைத்தாள். "நீங்க இங்க என்னவா இருக்கீங்க?"

ஃபைல் மூடியாகிவிட்டது, மாணவி இல்லை. வேலையில் சேரத் திங்கட்கிழமை ஆகும். என்னவென்று சொல்வது? "சும்மா உக்காந்திருக்கேன்" என்றேன். முனகிக்கொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் வந்தார்கள், அவர்களையும் அனுப்பிவிட்டேன்.

அதன்பின் யாரும் வரவில்லை. உள்ளேயும் சத்தமில்லை. என் வாய் பேச்சுக்கு ஏங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், என் கதை முழுக்கத் தெரிந்த ஒரே ஒரு மனுஷி பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரைக்குத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு வேகவேகமாக வாசலைப் பார்த்து நடந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.